கண்ணில் புரோஸ்டாகிளாண்டின்: ஆக்கம் விரைவு, சிதைவு அரிது

புரோஸ்டாகிளாண்டின்கள் உருவான இடத்திலேயே வேலை செய்து, அதற்கு அருகிலேயே அழிந்துபோகும் வேதித் தூதுவர்கள் என்றுதான் உடலியங்கியல் நூல்கள் பொதுவாக அறிமுகப்படுத்துகின்றன. ஒரு சுரப்பியில் தோன்றி, இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்பைச் சென்றடையும் ஹார்மோன்களிலிருந்து அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்கு இந்த வரையறை பயன்படுகிறது. கண்ணைப் பொறுத்தவரை உருவாதல், அங்கேயே வேலை செய்தல் என்ற முதல் இரண்டு பகுதிகள் முழுமையாகப் பொருந்துகின்றன, அருகிலேயே அழிதல் என்ற மூன்றாவது பொருந்துவதில்லை. கண்ணின் திசுக்கள் தேவை ஏற்பட்ட சிறிது நேரத்திலேயே புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்கிவிடும் திறன் பெற்றவை. ஆனால் அவற்றைச் சிதைக்கும் நொதிகள் அங்கே மிகக் குறைவு. கண் தான் உருவாக்கியதை அழிப்பதைவிட வெளியேற்றுவதையே நம்பியிருக்கிறது. கண்ணுக்குள் ஏற்படும் அழற்சி ஏன் தானாக அடங்கத் தாமதிக்கிறது, கண்புரை அறுவை நல்லபடி முடிந்த சில வாரங்களுக்குப் பின் விழித்திரையின் மையம் ஏன் சிலருக்கு வீங்குகிறது, கண் அழுத்த நோய்க்கு இடும் சொட்டு மருந்து ஏன் கண்ணில் அல்லாமல் கல்லீரலில் போய்ச் சிதைகிறது என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம் விடையின் ஒரு பகுதியாவது இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

சவ்விலிருந்து தொடங்கும் வினைத்தொடர்

மூலப்பொருள் செல்லின் சவ்விலேயே இருக்கிறது. சவ்வை அமைக்கும் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் பலவற்றில், 20 கார்பன் அணுக்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கட்டுண்டு கிடக்கிறது. கட்டுண்ட நிலையில் இருக்கும்வரை புரோஸ்டாகிளாண்டின் உருவாக்கும் நொதிகள் அதைத் தொட முடியாது. செல் காயப்படும்போதோ, திசு இழுக்கப்படும்போதோ, பிராடிகைனின் போன்ற பொருள்கள் செல்லின் ஏற்பிகளில் வந்து பொருந்தும்போதோ செல்லுக்குள் கால்சியம் அயனிகளின் அளவு உயர்கிறது; அந்த உயர்வு பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியைச் சவ்வை நோக்கி நகர்த்தி, அரக்கிடோனிக் அமிலத்தை வெட்டி விடுவிக்கச் செய்கிறது. புரோஸ்டாகிளாண்டின்கள் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டுச் செல்லுக்குள் சேமித்து வைக்கப்படுவதில்லை என்பதால், எவ்வளவு உருவாகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த வெட்டும் படிதான்.

விடுபட்ட அமிலத்தை அடுத்ததாகப் பற்றிக்கொள்வது சைக்ளோஆக்சிஜனேஸ். சுருக்கமாக காக்ஸ் என்று வழங்கப்படும் இந்த நொதி இரண்டு வேலைகளை அடுத்தடுத்துச் செய்கிறது. முதலில் இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளை அமிலத்துடன் இணைத்து, ஐந்து கார்பன் வளையம் ஒன்றை உருவாக்கி, புரோஸ்டாகிளாண்டின் ஜி2 என்ற இடைப்பொருளைத் தருகிறது. பிறகு அதே நொதியின் வேறொரு வினைமையம் அதை புரோஸ்டாகிளாண்டின் எச்2 ஆக மாற்றுகிறது. எச்2 நிலையற்றது, உடல் வெப்பநிலையில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். இந்த வினைகளின்போது காக்ஸ் நொதி தன்னைத்தானே செயலிழக்கச் செய்துகொள்கிறது என்பது கவனிக்கத்தக்கது. எவ்வளவு அரக்கிடோனிக் அமிலம் கிடைத்தாலும் ஒரு நொதி மூலக்கூறு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் வினைபுரியாது. உற்பத்தி தொடர வேண்டுமானால் புதிய நொதி தயாரிக்கப்பட வேண்டும்.

இந்த நொதியில் இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவம் பெரும்பாலான திசுக்களில் எப்போதும் இருப்பது. 1991இல் அடையாளம் காணப்பட்ட இரண்டாவது வடிவமாகிய காக்ஸ்-2, அழற்சித் தூண்டல்கள் வந்த பின்னரே மிகுதியாக உருவாவது என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. கண் இந்தப் பிரிவினைக்கு அடங்கவில்லை. கண்ணின் முன்பகுதியை நிரப்பும் தெளிந்த நீரான அக்வஸ் திரவத்தைச் சுரக்கும் சிலியரி உறுப்பின் நிறமியற்ற மேலணிச் (மேற்பரப்பை மூடும்) செல்களில், எந்த அழற்சியும் இல்லாத இயல்பான நிலையிலேயே காக்ஸ்-2 காணப்படுகிறது. முதன்மைத் திறந்தகோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ள மனிதக் கண்களில் அதே செல்களில் இந்த நொதி பெரும்பாலும் காணாமற்போவதாக 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்த இழப்பு நோய்க்குக் காரணமா, அல்லது நோயின் விளைவா என்பதை அந்தக் கவனிப்பைக் கொண்டு மட்டும் முடிவு கட்ட இயலாது. எனினும் கண்ணழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதில் கண் தானே உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களுக்குப் பங்கு உண்டு என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

எச்2 வரை பாதை ஒன்றுதான். அதன்பின் கிளைகள் பிரிகின்றன. எந்தச் செல்லில் எந்தக் கடைநிலை நொதி இருக்கிறதோ அதைப் பொறுத்து இ2, டி2, எஃப்2-ஆல்ஃபா, புரோஸ்டாசைக்ளின், திராம்பாக்சேன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உருவாகும். இவற்றுள் திராம்பாக்சேன் ஏ2 நீரில் ஏறத்தாழ 30 நொடிகளில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. புரோஸ்டாசைக்ளினும் சில நிமிடங்களில் செயலற்ற பொருளாக மாறிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நொதியின் உதவியே தேவையில்லை. நீரே அவற்றை முடித்துவிடும். சிக்கல் இ2, எஃப்2-ஆல்ஃபா ஆகிய இரண்டில்தான் இருக்கிறது. அவை வேதியியல் அடிப்படையில் உறுதியானவை. யாரேனும் அகற்றினாலொழிய அகலாதவை. இனி வருவதெல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டைப் பற்றியதே.

எந்தத் திசு எவ்வளவு உருவாக்குகிறது

கண்ணுக்கும் இந்தப் பொருள்களுக்குமான உறவு, அவற்றின் வேதி அமைப்பு தெளிவாவதற்கு முன்பே கண்டறியப்பட்டது. 1950களில் அம்பாச்சே என்ற ஆய்வாளர் முயலின் ஐரிஸிலிருந்து, அதாவது கண்மணியைச் சூழ்ந்த வண்ணத் திரையிலிருந்து, எடுத்த சாற்றில், வழுவழுப்பான தசைகளைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டு, அதற்கு ஐரின் என்று பெயரிட்டார். 1964இல் ஆங்கார்டும் சாமுவெல்சனும் செம்மறியாட்டின் ஐரிஸிலிருந்து பெற்ற அத்தகைய பொருள்களில் ஒன்று புரோஸ்டாகிளாண்டின் எஃப்2-ஆல்ஃபா என்று நிறுவினர். அதே சாமுவெல்சன் பின்னர், பெர்க்ஸ்ட்ரோம், வேன் ஆகியோருடன் 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பதன் மூலமே செயல்படுகின்றன என்று 1971இல் காட்டியவர் வேன்.

உருவாக்கும் திறன் எல்லாத் திசுக்களிலும் ஒன்றாக இல்லை. இரத்த நாளங்கள் நிறைந்த ஐரிஸும் சிலியரி உறுப்பும், விழியின் வெண்பகுதியைப் போர்த்தியிருக்கும் கன்ஜங்டைவாவும் இதில் முன்னணியில் நிற்கின்றன. விழியின் முன்புறத்து ஒளிபுகும் படலமான கார்னியாவிலும் விழித்திரையிலும் அளவு குறைவு. கண் வில்லையில் அதனினும் குறைவு. ஆயினும் இந்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு கார்னியாவை ஒதுக்கிவிடக் கூடாது. அங்கே அரக்கிடோனிக் அமிலம் காக்ஸ் பாதையைவிட லிப்பாக்சிஜனேஸ், சைட்டோகுரோம் பி450 ஆகிய நொதிகளின் பாதைகளில் மிகுதியாகச் செல்கிறது. தொடு வில்லைகளால் ஆக்சிஜன் குறையும்போது கார்னியாவின் மேலணி உருவாக்கும் அழற்சிப் பொருள்கள் இந்த வேறு பாதைகளைச் சேர்ந்தவை. காக்ஸ் நொதியை மட்டும் தடுக்கும் மருந்து அங்கே ஓரளவுக்கே பயன் தரும் என்று எதிர்பார்ப்பதற்கு இது ஒரு காரணம். விழித்திரையின் நிறமி மேலணியோ டி2 உருவாக்கும் நொதியின் ஒரு வடிவத்தைத் தயாரித்து, ஒளியுணர் செல்களைச் சூழ்ந்துள்ள இடைவெளிக்குள் சுரக்கிறது.

கன்ஜங்டைவாவில் ஒவ்வாமையின்போது மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் டி2ஐ வெளியிடுகின்றன; கண் அரிப்பில் அதற்கும் இ2வுக்கும் பங்கு உண்டு. கீட்டோரோலாக் என்ற காக்ஸ் தடுப்பு மருந்து ஒவ்வாமை அரிப்புக்கும் சொட்டு மருந்தாக இடப்படுவதன் அடிப்படை இதுவே.

விலங்கினங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும், ஏனெனில் இந்தத் துறையின் அறிவில் பெரும்பகுதி முயலின் கண்ணிலிருந்து வந்தது. முயலின் கண்ணிலிருந்து ஊசியால் சிறிதளவு அக்வஸ் திரவத்தை எடுத்தாலே போதும். இரத்தத்துக்கும் அத்திரவத்துக்கும் இடையே உள்ள தடுப்பு உடைந்து, புரதங்கள் உள்ளே பாய்ந்துவிடும். ஆஸ்பிரின் முன்னதாகக் கொடுக்கப்பட்டால் இந்த உடைவு தடுக்கப்படுகிறது என்று 1972இல் காட்டப்பட்டது. உடைவுக்குப் புரோஸ்டாகிளாண்டின்களே இடைநின்று செயல்படுகின்றன என்பதற்கு அது நேரடியான சான்று. மனிதர், குரங்கு ஆகியோரின் கண்கள் இதே தூண்டலுக்கு இவ்வளவு கடுமையாக எதிர்வினை காட்டுவதில்லை. பூனை, நாய் ஆகியவற்றின் கண்மணியை எஃப்2-ஆல்ஃபா வலுவாகச் சுருக்குகிறது; மனிதக் கண்மணியில் அந்த விளைவு மிகச் சிறியது. முயலில் கிடைத்த முடிவை அப்படியே மனிதருக்கு ஏற்றிப் பேசும் எந்தக் கூற்றையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது நல்லது.

சிதைவு: நுரையீரல் செய்வதைக் கண் செய்வதில்லை

உடலின் மற்றப் பகுதிகளில் இ2, எஃப்2-ஆல்ஃபா ஆகியவற்றின் ஆயுள் குறுகியது. இதற்குக் காரணமான முதல் நொதி 15-ஹைட்ராக்சி புரோஸ்டாகிளாண்டின் டிஹைட்ரஜனேஸ். இது மூலக்கூறின் 15ஆவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியைக் கீட்டோனாக மாற்றுகிறது. ஏற்பியுடன் பொருந்துவதற்கு அந்த ஹைட்ராக்சில் இன்றியமையாதது என்பதால், இந்த ஒரே மாற்றத்தில் மூலக்கூறு தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அடுத்து 13ஆவது, 14ஆவது கார்பன்களுக்கிடையே உள்ள இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பாகக் குறைக்கப்படுகிறது. பிறகு கொழுப்பு அமிலங்கள் சிதையும் வழக்கமான பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் சங்கிலியின் ஒரு முனை இரண்டிரண்டு கார்பன்களாகக் குறைகிறது. மறுமுனையில் ஒமேகா ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. எஞ்சியவை சிறுநீரில் வெளியேறுகின்றன. நுரையீரல் இந்த வேலையில் தனித்து நிற்கிறது. தன் வழியே ஒருமுறை கடந்து செல்லும் இரத்தத்திலிருந்து இ2, எஃப்2-ஆல்ஃபா ஆகியவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அது அகற்றிவிடுகிறது என்று ஃபெரேராவும் வேனும் 1967இல் கண்டறிந்தனர்.

கண்ணின் திசுக்களில் இந்த முதல் நொதியின் செயல்பாடு மிகக் குறைவு. கண்ணின் சாற்றுடன் இ2வைச் சேர்த்து வைத்தால் அதில் பெரும்பகுதி மாறாமலேயே கிடக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு சிறு காயத்துக்குப் பின்னும் இ2 கண்ணில் தேங்கிக்கொண்டே போக வேண்டும். நலமான கண்ணில் அவ்வாறு நிகழ்வதில்லை. இந்த முரண்பாட்டை அவிழ்த்தவர் லாஸ்லோ பிட்டோ என்ற ஆய்வாளர். 1972இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள், ஐரிஸும் சிலியரி உறுப்பும் அடங்கிய முன்பகுதித் திசு தன்னைச் சுற்றியுள்ள கரைசலிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்களை ஈர்த்து, செறிவு வேறுபாட்டுக்கு எதிராகத் தன்னுள் திரட்டிக்கொள்கிறது என்பதைக் காட்டின. புரோஸ்டாகிளாண்டின்கள் உடலின் அமிலக்காரத் தன்மையில் எதிர்மின்னூட்டம் பெற்ற அயனிகளாக இருப்பதால், அவை செல்சவ்வைத் தாமாக எளிதில் ஊடுருவுவதில்லை. எனவே அவற்றைச் சவ்வின் வழியே கொண்டுசெல்லும் ஒரு கடத்தி இருந்தாக வேண்டும் என்று அவர் வாதிட்டார். கரிம அமிலங்களின் கடத்தலைத் தடுக்கும் புரோபெனிசிட் என்ற மருந்து இந்த ஈர்ப்பையும் தடுத்தது. சிறுநீரகம் பெனிசிலினை வெளியேற்றுவதைத் தடுத்து அதன் ஆயுளை நீட்டிக்கப் பயன்பட்ட மருந்தும் இதுதான்.

அந்தக் கடத்தி மரபணு அளவில் கையில் கிடைக்க மேலும் 20 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1995இல் கனாய், ஷூஸ்டர் முதலியோர் புரோஸ்டாகிளாண்டின் கடத்திப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். நுரையீரல் போன்ற உறுப்புகளில் இந்தக் கடத்தி மூலக்கூறை முதலில் செல்லுக்குள் இழுக்கிறது. உள்ளே காத்திருக்கும் டிஹைட்ரஜனேஸ் அதைச் சிதைக்கிறது. கண்ணில் கடத்தி இருக்கிறது. உள்ளே சிதைப்பதற்கான நொதி போதுமான அளவில் இல்லை. ஆகவே சிலியரி உறுப்பின் மேலணி அடுக்கு மூலக்கூறைத் திரவப் பக்கத்திலிருந்து எடுத்து, இரத்தப் பக்கம் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. அதை வாங்கிச் செல்லும் இரத்தம் இதயத்தின் வலப்புறம் வழியாக நுரையீரலை அடைந்து, அங்கேதான் சிதைவு நடக்கிறது. கண்ணின் புரோஸ்டாகிளாண்டினுக்குச் சிதைவிடம் கண்ணுக்கு வெளியே அமைந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

கடத்தியைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. சிலியரி உறுப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோலிட்டர் அக்வஸ் திரவத்தைப் பகலில் சுரக்கிறது. கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையே உள்ள முன்னறையின் கொள்ளளவு சுமார் 250 மைக்ரோலிட்டர். அதாவது நிமிடத்துக்கு ஒரு விழுக்காடு அளவில் திரவம் புதுப்பிக்கப்படுகிறது. முன்னறையில் கரைந்திருக்கும் எதுவும் இந்த ஓட்டத்தோடு வெளியேறும். ஆனால் வில்லைக்குப் பின்னால் இருக்கும் விட்ரியஸ் கூழுக்கு இத்தகைய ஓட்டம் இல்லை. அங்கே சேர்ந்த புரோஸ்டாகிளாண்டின் வெளியேற வேண்டுமானால், முன்னோக்கிப் பரவி வந்து சிலியரி உறுப்பின் கடத்தியை அடைய வேண்டும். அல்லது விழித்திரையின் தடுப்பு அடுக்குகளில் உள்ள கடத்திகளின் வழியே செல்ல வேண்டும். வாய்க்காலில் ஓடும் நீரில் விழுந்த சாயத்துக்கும் குட்டையில் விழுந்த சாயத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது. விழித்திரையைப் பாதுகாக்கும் பொறுப்பு கடத்திகளையே பெரிதும் சார்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

கடத்தி சோரும்போது

வெளியேற்றத்தை நம்பிய இந்த அமைப்பின் பலவீனம் அழற்சியின்போது வெளிப்படுகிறது. செயற்கையாக யூவியாவில் (ஐரிஸ், சிலியரி உறுப்பு முதலியவை அடங்கிய நாளப் படலம்) அழற்சி ஏற்படுத்தப்பட்ட முயல்களின் சிலியரித் திசு, நலமான திசுவைப்போலப் புரோஸ்டாகிளாண்டின்களைத் திரட்டிக்கொள்ளவில்லை என்று பிட்டோ 1974இல் காட்டினார். உற்பத்தி உச்சத்துக்குச் செல்லும் அதே நேரத்தில் வெளியேற்றும் திறன் குன்றுகிறது. சிதைக்கும் நொதி இருந்திருந்தால் அது ஓரளவுக்கு ஈடுகட்டியிருக்கும். அது இல்லாததால் அழற்சியைத் தூண்டும் பொருளே உள்ளே தங்கி, அழற்சியை நீட்டிக்கும் சுழல் உருவாகிறது.

கண்புரை அறுவைக்குப் பின் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் தலைகாட்டும் மையவிழித்திரை வீக்கத்தையும் இந்தக் கோணத்திலிருந்து விளக்க முயன்றுள்ளனர். 1953இல் இர்வின் விவரித்து, பின்னர் காஸ் ஃபுளோரசீன் சாயம் செலுத்தி எடுத்த படங்களின் துணையுடன் தெளிவாக்கிய இந்த நிலையில், அறுவையின்போது காயம்பட்ட ஐரிஸும் சிலியரி உறுப்பும் உருவாக்கிய புரோஸ்டாகிளாண்டின்கள் விட்ரியஸ் வழியாகப் பின்னோக்கிப் பரவி, விழித்திரையின் நுண்நாளங்களின் தடுப்பைத் தளர்த்துகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பிற அழற்சிப் பொருள்களுக்கும் இதில் பங்கு இருப்பதால் இதுவே முழு விடை ஆகாது. ஆயினும் காக்ஸ் தடுப்புச் சொட்டு மருந்துகள் இந்த வீக்கத்தைக் குறைப்பது, புரோஸ்டாகிளாண்டினின் பங்கை ஒதுக்கிவிட முடியாது என்பதைக் காட்டுகிறது.

நடைமுறையில் உள்ள மருந்துகள் எல்லாம் வினைத்தொடரின் முற்பகுதியையே தாக்குகின்றன. ஸ்டீராய்டுகள் பாஸ்போலிப்பேஸின் வேலையை அடக்குகின்றன; காக்ஸ்-2 புதிதாக உருவாவதையும் குறைக்கின்றன. டைக்ளோஃபெனாக், ஃபுளர்பிபுரோஃபென், கீட்டோரோலாக், புரோம்ஃபெனாக் ஆகியவை காக்ஸ் நொதியையே தடுக்கின்றன. நெபாஃபெனாக் இவற்றுள் சற்று மாறுபட்டது: அது செயலற்ற அமைடு வடிவில் கார்னியாவைக் கடந்து, ஐரிஸ், சிலியரி உறுப்பு, விழித்திரை ஆகியவற்றிலுள்ள நீராற்பகுப்பு நொதிகளால் ஆம்ஃபெனாக் என்ற செயல்வடிவமாக மாற்றப்படுகிறது. இவற்றில் எதுவும் ஏற்கெனவே உருவாகிவிட்ட இ2வைத் தொடுவதில்லை. அறுவைக்கு முன்பே இந்தச் சொட்டுகளைத் தொடங்கும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. இண்டோமெத்தசின் உள்ளிட்ட சில காக்ஸ் தடுப்பிகள் உயர் செறிவில் கடத்தியையும் தடுக்கின்றன என்று 1976இல் பிட்டோவும் சால்வடாரும் கண்டது, மருந்தியலில் அடிக்கடி தென்படும் இருமுனைத் தன்மைக்கு நல்ல சான்று.

பகையாகக் கருதப்பட்டது மருந்தானது

1970களின் நடுப்பகுதி வரை கண் மருத்துவத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்றாலே அழற்சியும் அழுத்த உயர்வும்தான் நினைவுக்கு வந்தன. முயலின் கண்ணில் மிகுந்த அளவு செலுத்தினால் அழுத்தம் உயர்கிறது என்பது உண்மைதான். 1977இல் காம்ராஸ், பிட்டோ, ஈக்கின்ஸ் ஆகிய மூவரும் எஃப்2-ஆல்ஃபாவைச் சிறிய அளவில் சொட்டாக இட்டபோது அழுத்தம் குறைவதைக் கண்டனர். தீங்கு அளவில் இருந்ததே தவிர, பொருளில் இல்லை. அந்தப் பாதையில் தொடர்ந்த பணிகளின் விளைவாக லாட்டனோபுரோஸ்ட் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டிராவோபுரோஸ்ட், பிமாட்டோபுரோஸ்ட், டாஃபுளுபுரோஸ்ட் ஆகியவை பின்தொடர்ந்தன. இவை சிலியரித் தசையின் ஏற்பிகளைத் தூண்டி, தசைநார்களுக்கிடையே உள்ள கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைப் பெருக்கி, அக்வஸ் திரவம் யூவியா, விழியின் வெண்பகுதியான ஸ்கிளீரா வழியாகக் கசிந்து வெளியேறும் பாதையை அகலமாக்குகின்றன.

லாட்டனோபுரோஸ்ட்டின் பயணம் இந்தக் கட்டுரையின் பொருளை நன்றாக எடுத்துக்காட்டுகிறது. மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற செறிவில், நாளுக்கு ஒருமுறை இடப்படும் இது ஓர் எஸ்ட்டர், அதாவது அமிலமுனை ஆல்கஹாலுடன் பிணைக்கப்பட்ட வடிவம். எதிர்மின்னூட்டம் மறைக்கப்பட்டிருப்பதால் கார்னியாவுக்குள் எளிதில் நுழைகிறது. கார்னியாவின் எஸ்ட்டரேஸ் நொதிகள் அதை வெட்டி, செயல்திறன் கொண்ட அமிலமாக்குகின்றன. அக்வஸ் திரவத்தில் அதன் செறிவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது; அழுத்தக் குறைவோ 8 முதல் 12 மணி நேரத்தில்தான் உச்சத்தைத் தொடுகிறது. அமில வடிவம் கண்ணில் குறிப்பிடத்தக்க சிதைவு எதற்கும் உள்ளாவதில்லை. இரத்தத்தை அடைந்த பிறகு கல்லீரலில் பீட்டா ஆக்சிஜனேற்றத்துக்கு உட்படுகிறது. இரத்தத்தில் அதன் அளவு 17 நிமிடங்களில் பாதியாகிறது. கண்ணில் வேலை, உடலில் விரைவான அழிவு என்ற இந்த இணைப்பினால்தான் உடல் முழுவதும் பரவிய பக்கவிளைவுகள் அரிதாக இருக்கின்றன. ஐரிஸ் கருமையடைதல், இமைமயிர் நீளுதல், கண் சிவத்தல் ஆகிய உள்ளூர் விளைவுகளே முன்னிற்கின்றன.

இந்த மருந்துகளின் தகவல் ஏட்டில் இடம்பெறும் இரண்டு எச்சரிக்கைகளையும் மேற்சொன்னவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கண்ணுக்குள் அழற்சி நடந்துகொண்டிருக்கும்போது கவனம் தேவை என்பது முதலாவது. அப்போது கடத்தியின் திறன் குன்றியிருக்கக்கூடும் என்பதையும் தடுப்புகள் தளர்ந்திருக்கும் என்பதையும் முன்னர் பார்த்தோம். இயற்கை வில்லை இல்லாதவர்களுக்கும், செயற்கை வில்லை பொருத்தப்பட்டு அதைத் தாங்கும் இயற்கை வில்லையின் பின்னுறை கிழிந்தவர்களுக்கும் கவனம் தேவை என்பது இரண்டாவது. பின்னுறை கிழிந்த கண்ணில் முன்னறைக்கும் விட்ரியஸுக்கும் இடையே இருந்த தடை போய்விடுகிறது. ஓட்டமுள்ள பகுதிக்கென இடப்பட்ட மருந்து ஓட்டமற்ற பகுதிக்குள் நுழைந்து, விழித்திரையின் மையத்தை நெருங்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய கண்களில் மையவிழித்திரை வீக்கம் ஏற்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. எனவே இந்த மருந்தைத் தொடங்குமுன் வில்லையின் நிலையையும் பழைய அழற்சியின் வரலாற்றையும் மருத்துவர் கேட்டறிகிறார்.